காய்ச்சல் வலிப்பும் குடும்ப வழியும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்த காலத்திலும், ஓய்வுக்குப் பிறகு பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களில் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் பெற்றோரைச் சந்திக்கும்போதும், காய்ச்சல் வலிப்பு பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம் என்னிடம் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மருந்தைப் பற்றியவை அல்ல, "இது யார் வழியில் வந்தது?" என்பதைச் சுற்றியே அமைகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையை நேரில் பார்த்த மருத்துவர் சொன்னது இதிலிருந்து மாறுபட்டால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

காய்ச்சலில் பிள்ளை இழுத்துக்கொண்டது. கிளினிக்கில் 'சாவான்' என்று எழுதிவிட்டார்கள். அப்படியென்றால் வலிப்பு நோயா?

இல்லை. 'சாவான்' என்பது வலிப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். காய்ச்சல் வலிப்பு என்பது 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்கு, உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருக்கும் காய்ச்சலோடு சேர்ந்து வரும் வலிப்பு. மூளைக்காய்ச்சல் போன்ற தொற்றோ, இரத்தத்தில் சர்க்கரை அல்லது உப்புக் குறைவோ அதற்குக் காரணமாக இருக்கக்கூடாது. காய்ச்சல் இல்லாத வேளையில் அந்தக் குழந்தைக்கு முன்பு வலிப்பு வந்திருக்கவும் கூடாது. பல நாடுகளில் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. 12 முதல் 18 மாத வயதில் மிகுதி.

இதில் இரண்டு வகை உண்டு. உடல் முழுவதும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் ஒரு முறை மட்டுமே வந்தால் அது எளிய வகை. உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ அது சிக்கலான வகை. பின்வரும் பதில்களில் இந்த வேறுபாடு பலமுறை தேவைப்படும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தால் உடனே என்ன செய்வது? பாட்டி கையில் இரும்புச் சாவி கொடுக்கச் சொன்னார்.

சாவி வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ விரலோ துணியோ வைக்கவும் கூடாது. பல் உடைவதும் மூச்சு அடைபடுவதும் அதனால்தான். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தைச் சுற்றியுள்ள துணியைத் தளர்த்தி, சுவர்க்கடிகாரத்தையோ கைப்பேசியையோ பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். மருத்துவருக்கு வேண்டியது உண்மையான நேரம். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்ற பிறகும் உதடு நீலம் மாறாமல் இருந்தாலோ, குழந்தை தெளியாமல் மறுபடியும் இழுத்தாலோ 999க்கு அழையுங்கள். முதல் முறை என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இது பரம்பரையா, இல்லை காய்ச்சல் ஏறியதால் வந்ததா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், மிஸ்ஸி.

இரண்டும்தான். காய்ச்சல் தூண்டுகிறது, எந்தக் குழந்தையின் மூளை அந்தத் தூண்டலுக்கு வலிப்பாக எதிர்வினை காட்டும் என்பதில் மரபுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே கிருமி தொற்றி, ஒரே அளவு காய்ச்சல் கண்ட இரு குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் வலிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் 25 முதல் 40 விழுக்காட்டினரின் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது வந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

இரட்டையர் ஆய்வுகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது, ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், 30 முதல் 70 விழுக்காடு வரை பதிவாகியுள்ளது. இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையரில் அது 14 முதல் 18 விழுக்காடு. ஒரே வீட்டில், ஒரே உணவும் ஒரே காற்றுமாக வளரும் பிள்ளைகளிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பது மரபின் பங்கைக் காட்டுகிறது. அதே வேளையில், மரபணு முழுக்க ஒத்திருக்கும் இரட்டையரிலும் அது 100 விழுக்காடாக இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். மரபு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஜப்பானில் 6 முதல் 9 விழுக்காடு, குவாம் தீவில் 14 விழுக்காடு என்று சில மக்களிடையே இது மிகுதியாகக் காணப்படுவதிலும் மரபும் சூழலும் சேர்ந்தே செயல்படுகின்றன.

எந்த மரபணு அது? ஒன்றுதானா?

பெரும்பாலான குழந்தைகளிடம் அது ஒன்று அன்று. தனித்தனியே சிறிய விளைவுள்ள பல மரபணுக் கூறுகள் ஒன்றுசேர்ந்து, காய்ச்சலின்போது வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2022இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று இப்படிப்பட்ட பல இடங்களைக் கண்டறிந்தது. அவற்றில் சில, மூளை நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையைச் சார்ந்தவை. சில, உடலில் காய்ச்சல் எழும் வினையையே சார்ந்தவை. காய்ச்சல் எப்படி எழுகிறது, மூளை அதை எப்படித் தாங்குகிறது என்னும் இரண்டுமே பெற்றோரிடமிருந்து வருகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

சில குடும்பங்களில் மட்டும் ஒரே மரபணு மாற்றம் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. அவற்றில் அதிகம் பேசப்படுவது எஸ்.சி.என்.1.ஏ. என்னும் மரபணு. நரம்பணுவின் சுவரில் சோடியம் உள்ளே நுழையும் வாயில் ஒன்றை உருவாக்குவது இதன் வேலை. மூளையின் மின்துடிப்பை அடக்கி வைக்கும் நரம்பணுக்களுக்கு இந்த வாயில் மிகவும் தேவைப்படுகிறது. வாயில் சரியாக இயங்காவிட்டால் அடக்கும் அணுக்கள் சோர்ந்துபோகின்றன. மீதமுள்ள அணுக்கள் கட்டுப்பாடின்றித் துடிப்பதே வலிப்பு.

மாமியார் 'உன் வீட்டு வழியில் வந்தது' என்கிறார். உண்மையில் அம்மா வழியா, அப்பா வழியா?

இரு வழியிலும் வரலாம். மேலே சொன்ன பல கூறுகளில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. இருவருக்கும் வலிப்பே வந்திராதபோதும், இருவரிடமிருந்தும் வந்த சிறு கூறுகள் பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்திருக்கலாம். ஒரே மரபணு மாற்றம் இறங்கும் குடும்பங்களிலும் அது தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ வர முடியும்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் இளம் தாய்மார்களின் முகம் எனக்கு நன்றாகப் பழக்கம். பிள்ளை கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும்; பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். குடும்ப வரலாறு என்பது மருத்துவர் முடிவெடுக்க உதவும் தகவல். அதைப் பழி சுமத்தப் பயன்படுத்தும் வீட்டில் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதனால் இழப்பு குழந்தைக்குத்தான்.

எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்குமே வந்ததில்லை. பிறகு எப்படிப் பரம்பரை?

முதலில், யாருக்கும் வந்ததில்லை என்பது உறுதிதானா என்று பாருங்கள். ஒருமுறை வார்டில் ஓர் இளம் தந்தை, குடும்பத்தில் வலிப்பு ஏதும் கிடையாது என்று படிவத்தில் சொல்லி முடித்துவிட்டார். சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார், பிளாஸ்கிலிருந்து மைலோவை ஊற்றிக்கொண்டே, "உனக்கும்தான்டா வந்துச்சு, ரெண்டு வயசுல. தோட்டத்து டிரெசர் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். ரெண்டு தடவ" என்றார். டிரெசர் என்றால் தோட்ட மருந்தகத்தின் மருத்துவ உதவியாளர். மகனுக்கு அது முப்பது ஆண்டுகளாகத் தெரியாது. படிவத்தில் 'இல்லை' என்று இருந்ததை அடித்து மருத்துவர் மாற்றி எழுதினார்.

தோட்டங்களில் வளர்ந்த தலைமுறையில் இது ஜன்னி என்றும், மாந்தம் என்றும், காத்துக் கருப்பு என்றும் பெயர் பெற்று, மந்திரித்த கயிற்றோடு முடிந்துபோயிருக்கும், "வலிப்பு உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். ஆகையால், "சின்ன வயதில் காய்ச்சலில் கண் மேலே சொருகி, கை கால் வெட்டியிழுத்தது உண்டா?" என்று பாட்டிமாரிடமும் பெரியம்மா, அத்தைமாரிடமும் கேளுங்கள்.

அப்படிக் கேட்டும் எவருமே இல்லாமல் இருக்கலாம். மரபணு மாற்றம் இருந்தும் வலிப்பே வராமல் வளர்ந்தவர்கள் உண்டு. குழந்தையிடமே முதன்முறையாகத் தோன்றும் புது மாற்றங்களும் உண்டு. காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தெரிந்த குடும்ப வரலாறு கிடையாது என்பதால், இது வியப்புக்குரிய நிலையும் அன்று.

மூத்தவனுக்கு வந்தது. இரண்டாவது பிள்ளைக்கும் வருமா?

வரும் வாய்ப்பு, பொதுவான 2 முதல் 5 விழுக்காட்டிலிருந்து, ஏறக்குறைய 10 முதல் 20 விழுக்காடாக உயர்கிறது. பெற்றோரில் ஒருவருக்கும் வந்திருந்தால் இன்னும் கூடும். மறுபக்கம் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலான தம்பி தங்கைகளுக்கு வருவதில்லை. இரண்டாவது பிள்ளை பெற்றுக்கொள்ளத் தயங்க இது ஒரு காரணமே அன்று என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

ஒரு தடவை வந்துவிட்டது. மறுபடியும் வருமா? அதிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டா?

மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடியும் வருகிறது. எந்தக் குழந்தைக்கு என்பதை ஓரளவு கணிக்க நான்கு செய்திகள் உதவுகின்றன: முதல் வலிப்பு 18 மாதத்துக்கு முன் வந்ததா, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ காய்ச்சல் வலிப்பு வந்திருக்கிறதா, வலிப்பின்போது காய்ச்சல் குறைவாக இருந்ததா, காய்ச்சல் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வலிப்பு வந்துவிட்டதா. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஆய்வில், இந்த நான்கில் ஒன்றுமே இல்லாத குழந்தைகளில் 4 விழுக்காட்டினருக்கு மட்டுமே இரண்டாண்டுக்குள் மறுபடி வந்தது. நான்கும் இருந்தவர்களில் அது 76 விழுக்காடு.

குறைந்த காய்ச்சலிலேயே வந்தது நல்ல அறிகுறி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. சிறு தூண்டலுக்கே வலிப்பு வந்தால், அந்தக் குழந்தையின் உள்ளியல்பு அதற்கு அதிகம் இடம்கொடுக்கிறது என்று பொருள்.

அப்படியானால் பெரியவனானதும் காக்கா வலிப்பு ஆகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. 1976இல் அமெரிக்காவில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை 7 வயது வரை பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அதில் மூன்று கூறுகள் முக்கியமாகத் தெரிந்தன: வலிப்பு வருவதற்கு முன்பே வளர்ச்சியில் குறை இருந்தது, முதல் வலிப்பே சிக்கலான வகையாக இருந்தது, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ காய்ச்சலில்லாத வலிப்பு இருந்தது. இவை எதுவும் இல்லாத குழந்தைகளில் வலிப்பு நோய் வந்தவர் ஏறக்குறைய 1 விழுக்காடு. ஒன்று இருந்தால் 2 விழுக்காடு. இரண்டோ மூன்றோ இருந்தால் சுமார் 10 விழுக்காடு.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனியுங்கள். பெற்றோர் மிகுதியாகக் குழம்புவது இதில்தான். குடும்பத்தில் காய்ச்சல் வலிப்பு இருந்தது, முந்தைய பதிலில் சொன்னபடி, பிள்ளைக்குக் காய்ச்சல் வலிப்பு மறுபடி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆனால் அது மட்டுமே வலிப்பு நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாகக் கொள்ளப்படுவதில்லை. நெருங்கிய குடும்பத்தில் காய்ச்சலில்லாத வலிப்பு நோய் இருப்பதுதான் அதைக் கூட்டும். இரண்டும் வெவ்வேறு வரலாறுகள். படிவத்தில் 'குடும்பத்தில் வலிப்பு உண்டு' என்று ஒரே வரியில் எழுதினால், அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

படிப்பு மந்தமாகிவிடுமா?

எளிய காய்ச்சல் வலிப்பால் ஆகாது. பிரிட்டனில் 1970இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், காய்ச்சல் வலிப்பு வந்த 398 பேர் இருந்தனர். 10 வயதில் பார்த்தபோது, படிப்பிலும் அறிவுத்திறனிலும் நடத்தையிலும் அவர்கள் மற்றப் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்களாக இல்லை.

என் கொழுந்தனாருக்கு விபத்துக்குப் பிறகு வலிப்பு வருகிறது. என் தாத்தாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு வந்தது. இதெல்லாம் கணக்கா?

தலையில் அடிபட்டதாலோ பக்கவாதத்தாலோ மூளைக்கட்டியாலோ வந்த வலிப்பு, அந்தக் காயத்தின் விளைவு. பிள்ளைக்கு இறங்கும் மரபாக அதை எண்ண வேண்டியதில்லை. மருத்துவ ஆய்வுகளில் 'குடும்ப வரலாறு' என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வது பெற்றோரையும் உடன்பிறந்தோரையும்தான். சித்தப்பா, மாமா, தாத்தா, பாட்டி ஆகியோர் அடுத்த வட்டத்தில் வருகிறார்கள். இருந்தாலும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எதைக் கணக்கில் எடுப்பது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீங்களே வடிகட்ட வேண்டாம்.

நாங்கள் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். அதனால்தான் வந்ததா?

தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்துகொள்வது நம்மிடையே இன்றும் நடக்கிறது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவே, இந்துக்களின் வழக்கத்தைக் கருதித் தாய்மாமன் திருமணத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. சாதாரணக் காய்ச்சல் வலிப்பைப் பொறுத்தவரை, அதைச் சொந்தத்துத் திருமணத்தின் விளைவு என்று சொல்ல முடியாது. எவ்வித இரத்த உறவும் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இது எங்கும் பரவலாக வருகிறது.

ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் அரிய நோய்கள் இருக்கின்றன. உறவுக்குள் திருமணம் செய்தால் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு கூடுகிறது. வலிப்போடு வரும் சில வளர்சிதைமாற்றக் குறைபாடுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலும் வலிப்பு 6 மாதத்துக்கு முன்பே தொடங்கும், அல்லது காய்ச்சலே இல்லாமல் வரும், அல்லது பிள்ளையின் வளர்ச்சி பின்தங்கும். உங்கள் பிள்ளையிடம் இவை எதுவும் இல்லையென்றால் அஞ்ச வேண்டாம். சொந்தத்தில் மணந்தவர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது தவறு செய்ததை ஒப்புக்கொள்வது ஆகாது.

என் கணவருக்கு ஒன்பது வயது வரை காய்ச்சலில் வந்ததாம். நாத்தனாருக்குக் காய்ச்சலில்லாமலேயே வந்தது. இப்போது என் மகளுக்கு. இது என்ன?

இப்படி ஒரே குடும்பத்தில் ஒருவருக்குச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பும், இன்னொருவருக்கு 6 வயதுக்குப் பிறகும் தொடரும் காய்ச்சல் வலிப்பும், வேறொருவருக்குக் காய்ச்சலில்லாத வலிப்பும் காணப்படும் நிலையை, 1997இல் ஆஸ்திரேலியாவில் ஷெஃபர், பெர்கோவிச் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து விளக்கினார்கள். காய்ச்சல் வலிப்பும் அதைத் தாண்டிய வலிப்புகளும் ஒரே மரபில் வரும் இந்த நிலையை, ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக ஜி.இ.எஃப்.எஸ். பிளஸ் என்பார்கள். 1998இல் எஸ்.சி.என்.1.பி., 2000இல் எஸ்.சி.என்.1.ஏ., 2001இல், மூளைத் துடிப்பை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் ஏற்பியைச் சார்ந்த ஜி.ஏ.பி.ஆர்.ஜி.2 என்று இதற்குக் காரணமான மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன.

இத்தகைய குடும்பத்தில், மாற்றத்தை உடைய ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இறங்கிய எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லை. வந்தாலும் ஒரே கடுமையில் வருவதில்லை. உங்கள் வீட்டு வரலாறு இந்த வடிவத்தை ஒத்திருப்பதால், குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது தகும்.

இரண்டு வீட்டிலும் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு மாதத்திலேயே அரை மணி நேரம் ஒரு பக்கமாக இழுத்தது. இதுவும் சாதாரணம்தானா?

இதைச் சாதாரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வயதுக்குள், நீண்ட நேரம், உடலின் ஒரு பக்கமாக, ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக, சிறு காய்ச்சலிலோ வெந்நீர்க் குளியலிலோ திரும்பத் திரும்ப வலிப்பு வந்தால், திராவே நோய்க்குறி என்னும் அரிய நிலையை மருத்துவர் கருத்தில் கொள்வார். பிரெஞ்சு மருத்துவர் சார்லோட் திராவே 1978இல் விவரித்தது இது. 15,000 முதல் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. 2001இல் இதற்குக் காரணம் எஸ்.சி.என்.1.ஏ. மரபணுவின் கடுமையான மாற்றம் என்று தெரியவந்தது. பெரும்பாலான பிள்ளைகளிடம் அந்த மாற்றம் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே தோன்றியிருக்கும். ஆகவே மரபணு சார்ந்தது என்பதும் பரம்பரையாக வந்தது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இதை முன்கூட்டியே அறிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் உண்டு. கார்பமசெபின், லாமோட்ரிஜின், ஃபெனிட்டோயின் போன்ற, மற்ற வலிப்புகளுக்கு உதவும் மருந்துகள் இந்த நோயில் வலிப்பை மோசமாக்கக்கூடும்.

எங்கள் குடும்பத்தில் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே வருகிறது. ஆண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படியும் உண்டா?

உண்டு, அரிதாக. பி.சி.டி.எச்.19 என்னும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. வலிப்போடு அதற்குள்ள தொடர்பு 2008இல் தெரியவந்தது. எக்ஸ் வழி நோய்கள் பொதுவாக ஆண்களைத் தாக்கும். இதிலோ மாற்றத்தை உடைய பெண்களுக்கு வலிப்பு வருகிறது, ஆண்கள் பெரும்பாலும் வலிப்பின்றி இருக்கிறார்கள். தந்தைக்கு ஒரே எக்ஸ் என்பதால், அவர் நலமாக இருந்தபடியே தம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்துவிடுவார். மகன்களுக்கு அவரிடமிருந்து போகாது. காய்ச்சலின்போது சிறு சிறு வலிப்புகள் ஒரே நாளில் கொத்துக் கொத்தாக வருவது இதன் அடையாளம். நலமாக இருக்கும் ஆண்கள் வழியாகப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதாகத் தோன்றினால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மரபணுச் சோதனை செய்துவிட்டால் தெரிந்துவிடாதா? காசு போனால் போகட்டும்.

எளிய காய்ச்சல் வலிப்புக்கு அது தேவையில்லை, இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவும் மூளை ஸ்கேனும்கூட வழக்கமாகத் தேவையில்லை. பல சிறு கூறுகள் சேர்ந்து உண்டாகும் ஒன்றை, ஒரு சோதனைத் தாளில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று காட்ட முடியாது. பொருள் விளங்காத ஒரு மாற்றம் தாளில் தென்பட்டு, அதை வைத்துக்கொண்டு குடும்பம் ஆண்டுக்கணக்கில் கவலைப்படுவதும் நடக்கிறது.

முந்தைய மூன்று பதில்களில் சொன்ன வடிவங்கள் இருந்தாலோ, காய்ச்சலில்லாத வலிப்பு சேர்ந்துகொண்டாலோ, வளர்ச்சி பின்தங்கினாலோ சோதனைக்குப் பொருள் உண்டு. கோலாலம்பூரில் துங்கு அஸிஸா மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் பிரிவுகள் இருக்கின்றன. பினாங்கில் உள்ளவர்கள் முதலில் ஜி.எச். என்னும் பினாங்குப் பொது மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவில் காட்டி, பரிந்துரைக் கடிதத்தோடு போவதே முறை.

குடும்பத்தில் இருக்கிறது என்பதால் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டில் 9 மாதத்திலும் 12 மாதத்திலும், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கு எதிராகப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்குப் பிறகு, ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வரலாம். அதோடு வலிப்பு வருவது ஏறத்தாழ 3,000 முதல் 4,000 ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில் கூடுகிறது. இந்த நாட்டமும் ஓரளவு மரபு சார்ந்ததே. 2014இல் வெளியான டென்மார்க் ஆய்வு, எம்.எம்.ஆர்.க்குப் பிறகு வரும் வலிப்போடு தொடர்புள்ள இரு மரபணுக்களைக் காட்டியது. இரண்டும் கிருமிகளை உடல் எதிர்கொள்ளும் முறையைச் சார்ந்தவை. அவற்றில் ஒன்றான சி.டி.46, தட்டம்மைக் கிருமி நம் உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் இடமும்கூட. ஊசியைத் தவிர்த்த குழந்தைக்குத் தட்டம்மையே வந்தால், காய்ச்சலும் வலிப்பும் மூளை வீக்கமும் அதைவிடப் பன்மடங்கு பெரிய ஆபத்து.

ஊசிக்குப் பிறகு பிள்ளையின் மூளையே பாதிக்கப்பட்டுவிட்டது என்ற அச்சம் நம் வீடுகளிலும் உலவுகிறது. அவ்வாறு நம்பப்பட்ட 14 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டபோது, அவர்களில் 11 பேரிடம் எஸ்.சி.என்.1.ஏ. மாற்றம் இருந்தது. அதாவது, மேலே சொன்ன திராவே போன்ற நிலை பிறவியிலேயே அவர்களிடம் இருந்தது. ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம், நோயை உண்டாக்கவில்லை. ஊசி போடும்போது குடும்ப வரலாற்றைத் தாதியிடம் சொல்லி, காய்ச்சல் வரக்கூடிய நாள்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் தொடங்கும்போதே பெனாடோல் கொடுத்தால் வராமல் தடுக்கலாம்தானே?

பெனாடோல் என்னும் பாராசிட்டமால் மருந்தைப் பிள்ளையின் சிரமம் குறைவதற்காகக் கொடுங்கள். நாள் முழுதும் நேரம் தவறாமல் கொடுத்தாலும், பின்னாளில் வரும் காய்ச்சல்களில் வலிப்பைத் தடுக்க முடிவதில்லை என்றே ஆய்வுகள் மொத்தத்தில் காட்டுகின்றன. ஆகவே இரவில் ஒரு வேளை மருந்து தவறியதால்தான் வலிப்பு வந்தது என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை. டெங்கி உலவும் நம் ஊரில், இரத்தப் பரிசோதனைக்கு முன் இபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகைகளைத் தவிர்க்க வேண்டும். தினமும் வலிப்பு மருந்து கொடுப்பதும் எளிய வகைக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதன் பக்கவிளைவுகள் பெரிது. நீண்ட நேர வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு மட்டும், ஆசனவாய் வழியாகச் செலுத்தி வலிப்பை நிறுத்தும் டயஸெபாம் மருந்தை மருத்துவர் வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுப்பார்.

மரபை நம்மால் மாற்ற முடியாது. இரும்புச்சத்துக் குறைவை மாற்ற முடியும். அது காய்ச்சல் வலிப்போடு தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வயதுக்கு மேல் பால் போத்தலையே உணவாக வைத்திருக்கும் பிள்ளைகளை இதற்காகச் சோதித்துப் பார்ப்பது நல்லது. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களும் இங்கே இருப்பதால், இரத்தம் பார்க்காமல் இரும்பு மருந்து கொடுக்க வேண்டாம்.

டாக்டர் 'ஃபேமிலி ஹிஸ்டரி' கேட்டால் என்னதான் சொல்வது? அங்கே போனால் எல்லாம் மறந்துவிடுகிறது.

ஒரு தாளில் முன்பே வரைந்துகொள்ளுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மேல் வரிசையில் இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், நடுவில் நீங்களும் உங்கள் உடன்பிறந்தோரும், கீழே பிள்ளைகளும் அவர்களின் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளும். வலிப்பு வந்தவரின் கட்டத்தை நிரப்பி, பக்கத்தில் நான்கே செய்திகளை எழுதுங்கள்: எந்த வயதில் தொடங்கியது, காய்ச்சலோடா இல்லாமலா, எந்த வயதில் நின்றது, மருந்து சாப்பிட்டாரா. கைக்குழந்தையாகவே இறந்துபோனவர்களையும் விடாதீர்கள். அந்தத் தாளைக் குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் மடித்து வைத்துவிட்டால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கையில் இருக்கும்.

பாலர் பள்ளியில் சொல்ல வேண்டுமா? நாளைக்குப் பெண் கேட்டு வரும்போது பேச்சாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சொல்லுங்கள். வலிப்பு வரும்போது பக்கத்தில் இருக்கப்போவது ஆசிரியைதான். இரண்டாவது கேள்விக்கான பதிலை அவருக்குக் கொடுத்து வையுங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய ஒரு பேச்சுக்காக, இன்று பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 5 வயதோடு பெரும்பாலும் நின்றுபோகும் ஒன்று, திருமணத்துக்குத் தடையும் ஆகாது.

எனக்கே சின்ன வயதில் வந்தது. இப்போது நான் கர்ப்பம். வயிற்றிலேயே பார்த்துவிட முடியுமா?

குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் சோதனையில் ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் மட்டுமே, கருவில் அதைத் தேட முடியும். அதையும் மரபியல் ஆலோசனைக்குப் பிறகே செய்வார்கள். சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வரலாற்றுக்குக் கருவில் பார்க்க ஏதும் இல்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் வரலாற்றைத் தாய்சேய் நலக் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். குழந்தைக்கு 6 மாதம் ஆவதற்குள், வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும், பாட்டியையும் பராமரிப்பாளரையும் சேர்த்து, ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும் நேரம் பார்ப்பதையும் ஒருமுறை செய்து காட்டுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் கண்டால், வலிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.